சின்ன மெஷின் ஷாப்பில் லீன் (வீண் வேலையைக் குறைக்கும் முறை): கான்பான் அட்டை முதலிலா, செட்டிங் நேரம் முதலிலா?

கேள்வி
இரண்டு சி.என்.சி லேத் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுக் கடைசல் மெஷின்), ஒரு வி.எம்.சி (செங்குத்து மில்லிங் மெஷின்), ஆறு பேர். ஏறக்குறைய 40 வகை பார்ட். லேத் செட்டிங்குக்கு (ஒரு பார்ட்டிலிருந்து அடுத்ததற்கு மெஷினை மாற்றி அமைக்க) 90 நிமிடம் பிடிப்பதால் 200, 300 என்று பெரிய லாட்டாகவே ஓட்டுகிறோம். மெஷின் சும்மா நிற்பதில்லை, ஆனாலும் டெலிவரி தள்ளிக்கொண்டே போகிறது. 5எஸ் (இடத்தைச் சுத்தமாக, ஒழுங்காக வைக்கும் முறை) முடித்துத் தரையில் கோடும் போட்டாயிற்று. அடுத்து கான்பான் அட்டை (பெட்டி காலியானால் மட்டும் மறுபடி செய்யச் சொல்லும் அட்டை) போடலாமா?

பதில் 1
இப்போதைக்கு அட்டை வேண்டாம் சார். 90 நிமிட செட்டிங்கை வைத்துக்கொண்டு கான்பான் போட்டால் 40 பார்ட்டுக்கும் ஸ்டாக்தான் சேரும்.

ஷிஃப்டில் 480 நிமிடம். கட்டிங்குக்கு 390 போனால் மிச்சம் 90, அதாவது ஒரே ஒரு செட்டிங். அதை 30 நிமிடமாக்கினால் மூன்று செட்டிங் போடலாம், லாட்டை மூன்றில் ஒரு பங்காக்கலாம். மிச்சமாகும் நேரத்தில் கூடுதல் பீஸ் ஓட்டக் கை பரபரக்கும். ஓட்டினால் பழைய கதைதான்.

ஜப்பானிய இன்ஜினியர் ஷிகியோ ஷிங்கோவின் முறைப்படி, மெஷினை நிறுத்தினால்தான் முடியும் என்கிற வேலையையும் ஓடும்போதே முடித்துவிடக்கூடிய வேலையையும் பிரியுங்கள். ஒரு செட்டிங்கை முழுசாக மொபைலில் வீடியோ எடுத்து, ஆப்பரேட்டரோடு உட்கார்ந்து பாருங்கள். டிராயிங் தேடுவது, இன்செர்ட் (வெட்டும் முனைத் துண்டு) எடுக்கப் போவது, கேஜ் (அளவு பார்க்கும் கருவி) யாரிடம் என்று விசாரிப்பது எல்லாம் மெஷின் நின்ற பிறகே நடக்கும். இவற்றை முந்தைய ஜாப் ஓடும்போதே ஒரு டிராலியில் எடுத்து வைத்துவிடலாம்.

டரட்டில் (டூல்கள் மாட்டும் சுழல் தலையில்) 1 ரஃபிங், 2 ஃபினிஷிங், 3 குரூவிங், 4 த்ரெடிங் என்று இடத்தை நிரந்தரமாக்குங்கள். பழைய புரோகிராம்களில் டூல் நம்பரை மாற்றாமல் விட்டால் கிராஷ் நிச்சயம்.

சாஃப்ட் ஜாவில் (பார்ட்டுக்கு ஏற்றபடி கடைந்துகொள்ளும் பிடிதாடையில்) பார்ட் நம்பரையும், சக்கில் (பார்ட்டைப் பிடித்துச் சுழற்றும் பகுதியில்) எந்தப் பல்லில் உட்கார வேண்டும் என்பதையும் பஞ்ச் செய்யுங்கள். ஜாவை போர் செய்தபோது (உட்புறம் கடைந்தபோது) இருந்த சக் பிரஷரையும் குறித்து வைத்து, மறுபடி மாட்டும்போது அதே பிரஷரில் பிடியுங்கள். மாறினால் ரன்அவுட் (மையம் விலகிச் சுழல்வது) வரும், லேசாக ஒரு கட் எடுத்து ஜாவைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

பதில் 2
செட்டிங் குறையும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று: தளத்தில் கிடக்கும் ஜாப்பைக் குறையுங்கள். லிட்டில் விதிப்படி (சராசரி நேரம் = கிடக்கும் ஜாப் ÷ முடியும் வேகம்) 24 ஜாப் கிடந்து வாரத்துக்கு 8 முடிந்தால், ஒரு ஜாப் வெளியே வரச் சராசரி 3 வாரம். 12 ஆக்கினால் ஒன்றரை வாரம், நெருக்கடியான மெஷின் வேலையில்லாமல் நிற்காதவரை.

போர்டில் 12 கிளிப், தளத்தில் இருக்கும் ஒவ்வொரு ஜாப்புக்கும் ஒன்று. கிளிப் காலியாகாமல் ஸ்டோரிலிருந்து மெட்டீரியல் வெளியே வரக் கூடாது. அவசர ஜாப்புக்கு ஒரே ஒரு சிவப்பு கிளிப். இதை உடைப்பது பெரும்பாலும் ஓனர்தான்!

கேட்டவர்
வெளியே ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குப் போன ஜாப் அந்த 12-இல் சேருமா?

பதில் 2
சேர்த்தால் அங்கே தாமதமாகும்போது உங்கள் லேத் பட்டினி கிடக்கும். கணக்கிலேயே எடுக்காவிட்டால் அங்கே குவியும். வேறு நிறத்தில் 4 கிளிப் தனியாக வையுங்கள்.

பதில் 3
மாதா மாதம் திரும்பி வரும் பார்ட்டுக்கு மட்டும் கான்பான். தினம் 20 பீஸ் போகிறது, நிரப்ப 5 நாள் என்றால் 100. அதோடு 20 சதவீதம் கையிருப்பு, ஆக 120. பெட்டிக்கு 40 என்றால் 3 அட்டை. அந்த 5 நாளில் மெஷின் முன்னால் காத்துக் கிடக்கும் நேரமும் அடங்க வேண்டும். கட்டிங் நேரத்தை மட்டும் போட்டால் பெட்டி காலியாகிவிடும். ரிஜெக்ட் பீஸ் பெட்டிக்குள் கிடந்தாலும் எண்ணிக்கை பொய்யாகும், அதற்குத் தனிப் பெட்டி வேண்டும். இன்செர்ட், போல்ட்டுக்கெல்லாம் இரண்டு பெட்டி முறை போதும்: ஒன்று காலியானதும் ஆர்டர், வரும்வரை அடுத்ததிலிருந்து எடுப்பது.