பழைய லைக்கன் எந்த ஊருடையது? தேடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஓர் உலர்தாவரக் காப்பகத்தில் பழைய லைக்கன் (பூஞ்சையும் நுண்பாசியும் சேர்ந்து வாழும் உயிரி, மரப்பட்டையிலும் பாறையிலும் படரும்) உறைகளைக் கணினியில் ஏற்றும் வேலை ஆறு மாதம் பார்த்தேன். அதில் 'சேகரித்த இடம்' என்ற கட்டம்தான் எமன். ஓர் உறையின் சீட்டில் 'நீல்கெரிஸ்', அடுத்ததில் 'நெயில்கெரிஸ்', பிரெஞ்சு அரசுக்காக வேலை பார்த்த தாவரவியலாளர் பெரோத்தே சேகரித்ததில் இன்னொரு எழுத்துக்கூட்டல். எல்லாம் நம் நீலகிரிதான். ஆனால் குன்னூர்ச் சரிவா, 2,637 மீட்டர் தொட்டபெட்டாவா? கட்டத்தைக் காலியாக விட மனமில்லாமல் 'உதகை' என்று போட்டுவிட்டேன். என் வேலையைச் சரிபார்க்கும் அக்கா, "சீட்டுல இல்லாத ஊரை நீ எதுக்குத் தம்பி சேர்க்கிற?" என்று அழிக்கச் சொன்னார். அப்புறம் இடுக்கியால் லைக்கனைத் திருப்பி, "பின்பக்கம் பாரு" என்றார். நகக்கண் அளவு மரப்பட்டை, ஓரத்தில் ஒரு பாசித் துணுக்கு. எங்கே வளர்ந்தது என்பதற்கு அதுவும் ஒரு துப்பு. அன்றிலிருந்து சீட்டை இரண்டாவதாகத்தான் படிக்கிறேன்.

---

அண்ணா, உங்களுக்காவது மலையின் பெயர் இருந்தது! எனக்கு வாய்த்தது ஃபே என்பவர் விவரித்த லைக்கன் இனங்கள். பிரான்ஸில் மருந்தாளுநராக இருந்தவர் அவர். 1824-இல் வெளிவந்த அவர் நூலில் இருப்பவை, மருந்துக்காகக் கப்பலேறி வந்த பட்டைகளில் ஒட்டியிருந்த லைக்கன்கள். காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்க வந்த சிங்கோனா மரப்பட்டையில், கறுப்பு மையில் கிறுக்கினாற்போல் கோடுகள். அந்தக் கோடுகள்தான் லைக்கன். அவர் அதைப் பார்த்தது கடைச்சரக்கில், மரத்தில் அல்ல. இடம் கேட்டால் 'அமெரிக்கா, சிங்கோனாப் பட்டை மேல்' என்கிற அளவுதான் கிடைக்கும்.

ஆகவே நான் தாவரவியலை ஓரம் கட்டிவிட்டு பட்டை வியாபாரக் கதை படித்தேன். காஸ்கரில்லாப் பட்டை என்றால் பஹாமாஸ் பக்கம். அங்கஸ்துரா என்றால் வெனிசுவேலா. இவை சுலபம். சிங்கோனாதான் படுத்தியது, ஆண்டீஸ் மலை நெடுக இருக்கிற மரமாயிற்றே. போதாக்குறைக்கு, ஏற்றுமதியான ஊரின் பெயரையே பட்டைக்கு வைத்துவிட்டார்கள். 'லிமா பட்டை' என்று பார்த்து வரைபடத்தில் லிமாவில் புள்ளி வைத்தேன். மழையே அபூர்வமான கடலோர ஊர் அது! இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது.

---

சிரிக்காதீர்கள், என்னுடையது மளிகைக்கடை ஆராய்ச்சி. கல்பாசியும் லைக்கன்தானே? "இது எந்த ஊர்ச் சரக்கு அண்ணாச்சி?" என்றேன். "செட்டிநாடு" என்றார். அந்த வெயிலில் அது எங்கே வளர? குழம்புதான் செட்டிநாடு. மொத்தக் கடையில் விசாரித்தால், "வடக்கே மலையிலேர்ந்து வருது" என்றார்கள். எந்த மலை என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

வீட்டில் 50 கிராம் பாக்கெட்டைத் தாளில் கொட்டினேன். மேலே சாம்பல், அடியில் கரி நிறம். லென்ஸில் பார்த்தால் மூன்று வகையாவது கலந்திருக்கிறது. ஒரே ஒரு துண்டில் மட்டும் பட்டை ஒட்டியிருந்தது. மீதி குழம்புக்குப் போய்விட்டது, அதை மட்டும் தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். இமயமலைக் கருவாலி (ஓக்) மரப்பட்டையாக இருக்குமோ என்று சந்தேகம். முதல் பதிவு போட்ட தம்பி, உங்கள் அக்காவிடம் காட்ட முடியுமா?