எங்களைத் தெரியாதவர்களிடம் எங்கள் பாட்டைக் கொண்டு போவது எப்படி?

மாலைநேர_கிட்டார் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நானும் என் தோழியும் சேர்ந்து சொந்தமாகப் பாட்டு எழுதி இசையமைக்கிறோம். அவள் பாடுவாள், நான் கிட்டார், தாளத்துக்கு ஒரு கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி). லேபிள், மேனேஜர் யாரும் கிடையாது. ஒரு சிறிய ஆல்பமும் சில தனிப்பாடல்களும் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் எல்லாவற்றிலும் இருக்கின்றன.

கேட்டவர்கள் நன்றாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கிறவர்கள் எல்லாருமே எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள், இல்லையென்றால் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். புதுப் பாட்டு வெளியானால் முதல் சில நாள் எண்ணிக்கை ஏறும், அப்புறம் அப்படியே படுத்துவிடும். தினமும் ஏதாவது போஸ்ட் போடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், தினமும் போடுவதற்கு நேரமும் இல்லை, அப்படிப் போட்டால் பாட்டு எழுதுவது எப்போது?

மூன்று விஷயம் தெரிய வேண்டும். முதலில் ஆன்லைனா மேடையா, எதற்கு எங்கள் நேரத்தைக் கொடுப்பது? பிளேலிஸ்ட்டில் சேர்த்துவிடுகிறோம், இவ்வளவு ஸ்ட்ரீம் உறுதி என்று பணம் கேட்டு மெசேஜ் வருகிறதே, அதை நம்பலாமா? கவர் பாட்டு, அதாவது பிறருடைய பிரபலமான பாட்டை நாங்கள் பாடிப் போட்டால்தான் கவனிப்பார்கள் என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை?

---

மேடையோரம் எழுதியது:

ஆன்லைனா மேடையா என்று பிரிக்காதீர்கள். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: உங்களைத் தெரியாத ஒருவர், தான் ஏற்கெனவே விரும்புகிற யாரோ ஒருவர் மூலமாக உங்களிடம் வந்து சேர வேண்டும். முன்பின் தெரியாத பாட்டை யாரும் தானாகத் தேடிப் போய்க் கேட்பதில்லை, நீங்களும் நானும் உட்பட. அதனால் உங்கள் இசைக்குப் பக்கத்தில் இருக்கிற, உங்களைவிடக் கொஞ்சம் பெரிய கூட்டம் வைத்திருக்கிற குழுக்களைத் தேடுங்கள். கொஞ்சம் பெரிய கூட்டம் போதும், மிகப் பெரிய ஆட்களுக்கு எழுதினால் பதிலே வராது.

அவர்கள் கச்சேரிக்கு முன்னால் இருபது, இருபத்தைந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். அந்த ஓப்பனிங் நேரத்தைப் பலரும் வீணடிக்கிறார்கள் என்பது என் கருத்து. அரங்கில் இருப்பவர்கள் உங்களுக்காக வரவில்லை, பாதிப் பேர் பேசிக்கொண்டு இருப்பார்கள். அதனால் மெதுவாக விரியும் பாட்டை முதலில் வைக்காமல் பத்து விநாடிக்குள் குரல் வந்துவிடும் பாட்டை வையுங்கள். குழுவின் பெயரை ஆரம்பத்தில் ஒரு தடவையும், கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒரு தடவையும் தெளிவாகச் சொல்லுங்கள், கடைசிப் பாட்டு முடிந்த பிறகு சொன்னால் கைத்தட்டலில் காணாமல் போய்விடும். பாட்டுகளுக்கு நடுவில் டியூனிங் செய்துகொண்டு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். ஒருவர் டியூன் செய்யும்போது இன்னொருவர் அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று இரண்டு வரி பேசினால் போதும். கொடுத்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே முடியுங்கள். அடுத்த முறை கூப்பிடுவதும் கூப்பிடாததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது, சவுண்ட் ஆள் உங்களைப் பற்றி நல்லதாகச் சொன்னால் அது போஸ்டரைவிட அதிகம் வேலை செய்யும்.

இன்னொன்று, பாடி முடித்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள்! மற்றவர்கள் வாசிப்பதை உட்கார்ந்து கேளுங்கள், இடைவேளையில் வாசல் பக்கம் நில்லுங்கள், உங்களிடம் பேச நினைக்கிறவர்கள் அங்கேதான் வருவார்கள்.

பெரிய அரங்கம்தான் வேண்டும் என்றும் இல்லை. கிட்டாரும் கஹோனும் வைத்திருப்பவர்களுக்குச் சின்ன அறைகள் பொருத்தமானவை. சின்ன இடங்களில் கச்சேரி நடத்தும் சோஃபார் சவுண்ட்ஸ் 2009-இல் லண்டனில் ஒரு வீட்டு அறையில் தொடங்கியதுதான், இன்றைக்கும் அதன் வழக்கம் ஒரு மாலையில் மூன்று குழுக்கள், யார் பாடப் போகிறார்கள் என்பது வருகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரியாது. கேட்பதற்காகவே வந்து அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஐம்பது பேர், சத்தமான இடத்தில் நிற்கும் ஐந்நூறு பேரைவிட உங்களுக்கு மேல். அந்த மாதிரிக் கூட்டத்தை நீங்களே ஒரு நண்பர் வீட்டு ஹாலில் நடத்தலாம், வேறு இரண்டு குழுக்களையும் கூப்பிடுங்கள், ஒவ்வொருவரும் தம் ஆட்களை அழைத்து வந்தால் அறையில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் உங்களுக்குப் புதியவர்கள்.

---

ரிலீஸ்_வேலை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன்: பணம் கொடுக்காதீர்கள். "இவ்வளவு ஸ்ட்ரீம் உறுதி" என்று யார் சொன்னாலும் அது பாட் (மனிதர் மாதிரி நடிக்கும் மென்பொருள்) வைத்து ஓட்டுவதாகத்தான் இருக்கும். உண்மையான மனிதர்கள் கேட்பார்கள் என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது. ஸ்பாட்டிஃபை 2024-இல் இருந்து, போலி ஸ்ட்ரீம் அப்பட்டமாகத் தெரியும் பாட்டுகளுக்கு டிஸ்ட்ரிபியூட்டரிடம் (நம் பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் நிறுவனம்) அபராதம் வாங்குகிறது, பல டிஸ்ட்ரிபியூட்டர்கள் அதை அப்படியே பாடியவர் தலையில் கட்டுகிறார்கள், பாட்டையே எடுத்துவிடுவதும் உண்டு. இதைவிட மோசமான பாதிப்பு ஒன்று இருக்கிறது. உங்கள் பாட்டை யாருக்குப் பரிந்துரைப்பது என்று ஸ்பாட்டிஃபையின் பரிந்துரை மென்பொருள் கற்றுக்கொள்வது கேட்கிறவர்களின் பழக்கத்தை வைத்துத்தான். கேட்டது மனிதர்களே இல்லை என்றால் அது தப்பான பாடத்தைக் கற்றுக்கொள்ளும், அப்புறம் சரியான ஆளிடம் உங்கள் பாட்டு போகவே போகாது.

காசு செலவில்லாத விஷயங்கள் சில இருக்கின்றன, நிறையப் பேர் செய்வதே இல்லை. கலைஞர்களுக்கான ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் பக்கத்தில் வெளியாகாத பாட்டைக் குறைந்தது 7 நாள் முன்னால் பிட்ச் செய்தால் (பிளேலிஸ்ட்டில் சேர்க்கச் சொல்லி அனுப்பினால்), அவர்களுடைய பிளேலிஸ்ட் எடிட்டர்கள் எடுக்கிறார்களோ இல்லையோ, நீங்கள் தேர்ந்தெடுத்த அந்தப் பாட்டு உங்கள் ஃபாலோயர்களின் ரிலீஸ் ரேடாரில் (ஒவ்வொருவருக்கும் புதுப் பாட்டுகளைக் காட்டும் பிளேலிஸ்ட்) வரும். அதற்கு டிஸ்ட்ரிபியூட்டரிடம் மூன்று நான்கு வாரம் முன்பே கொடுத்திருக்க வேண்டும். இன்றைக்கு மிக்ஸ் முடிந்தது, நாளைக்கே வெளியிடுவோம் என்று அவசரப்படுவது அந்த வாய்ப்பைத் தூக்கிப் போடுவது.

30 விநாடி கேட்டால்தான் ஸ்பாட்டிஃபையில் ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கு. ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீமைத் தொடாவிட்டால் ராயல்டியே கிடையாது, இதுவும் 2024-இல் வந்த விதி. ஆகவே ஸ்ட்ரீமிங் பணத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள், ஆட்களைக் கண்டுபிடிக்கிற இடமாக மட்டும் அதைப் பாருங்கள். அங்கே டிஸ்கவரி மோட் என்று ஒன்றும் உண்டு, பரிந்துரையில் உங்கள் பாட்டுக்குக் கூடுதல் இடம் கொடுத்து, அந்த வழியாக வரும் ஸ்ட்ரீம்களின் ராயல்டியில் 30 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். சிலருக்கு உதவுகிறது, ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை, எல்லாரும் அதில் சேர்ந்துவிட்டால் யாருக்கு என்ன முன்னுரிமை மிச்சம் இருக்கும்?

டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றுவதாக இருந்தால் பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணையே புதிய இடத்திலும் கொடுங்கள். அந்த 12 எழுத்து எண்தான் ஒரு ஒலிப்பதிவின் அடையாளம். புதிது வாங்கினால் சேர்த்த எண்ணிக்கை எல்லாம் போய்ப் பூஜ்யத்தில் இருந்து ஆரம்பிக்கும்.

---

தாளக்காரி எழுதியது:

முந்தைய இரண்டு பதில்களும் நல்லவை, ஆனால் காணொளியை யாருமே சொல்லவில்லையே. தினமும் போட வேண்டியதில்லை, அதில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஒரு நாள் உட்கார்ந்து நான்கைந்து பாட்டை நேரடியாக வாசித்துப் பதிவு செய்யுங்கள், உதட்டசைவு வேண்டாம், உண்மையாக வாசிப்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அதை ஒரு மாதத்துக்கும் மேலாகப் பிரித்துப் போடலாம். துண்டு எடுக்கும்போது பாட்டின் தொடக்கத்தை எடுக்காமல், பல்லவியில் எந்த வரி முணுமுணுக்க வைக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபரில் இருந்து 3 நிமிடம் வரை போகலாம், ஆனாலும் நீளத்தை நிரப்ப வேண்டாம். ஒவ்வொரு ஷார்ட்ஸிலும் முழுப் பாட்டின் காணொளியை இணைக்க ஒரு வசதி இருக்கிறது, அதை மறக்காமல் செய்யுங்கள். வழி காட்டாத ஷார்ட்ஸைப் பார்த்தவர் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார், அவ்வளவுதான்.

மேடையோரம் சொன்ன அதே விஷயம் இங்கேயும் செல்லும். வேறொரு இசைக்கலைஞரோடு சேர்ந்து ஒரு பாட்டு வாசித்து, இன்ஸ்டாகிராமில் கொலாப் போஸ்ட்டாகப் போட்டால் இருவர் பக்கத்திலும் அது வரும், இருவர் ஃபாலோயர்களும் பார்ப்பார்கள். ஸ்பாட்டிஃபையிலும் இருவரையும் முதன்மைக் கலைஞர்களாகக் கொடுத்தால் இருவர் பக்கத்திலும் பாட்டு நிற்கும். நீங்கள் பாடகி, கிட்டார், கஹோன் என்று இருப்பதால் ஒரு புல்லாங்குழலோ வயலினோ வந்து சேர்ந்தால் இசையும் விரியும்.

கவர் பற்றி: உண்மைதான், தெரிந்த பாட்டைத்தான் தேடுவார்கள். ஆனால் கவரை மட்டும் போட்டுச் சேர்த்த கூட்டம் அடுத்த கவருக்காகக் காத்திருக்கும், சொந்தப் பாட்டு வந்தால் நகர்ந்துவிடும். யூடியூப்பில் உரிமையாளர் கண்டென்ட் ஐடி (பாட்டை அடையாளம் காணும் யூடியூப்பின் முறை) மூலம் கோரினால் வருமானமும் பெரும்பாலும் அவருக்குத்தான் போகும், ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றுவதென்றால் அதற்குத் தனியாக உரிமம் தேவைப்படலாம். நான் சொல்வது, எப்போதாவது ஒன்று, அதுவும் உங்கள் பாணியில் முழுக்க மாற்றி, அதே காணொளியின் கடைசியில் உங்கள் சொந்தப் பாட்டு ஒன்றைத் தொடுங்கள்.

இதை அவசியம் செய்யுங்கள்: ஒவ்வொரு கச்சேரியையும் பதிவு செய்யுங்கள். ஒரு ஃபோனை ஸ்டாண்டில் அசையாமல் வைத்துவிட்டு, ஒலியை மட்டும் மிக்சரில் இருந்து தனி ரெக்கார்டரில் எடுங்கள், பிறகு எடிட்டிங்கில் இரண்டையும் ஒட்டிக்கொள்ளலாம். நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் ஸ்டூடியோ பதிவைக் கேட்பதைவிட மேடையில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று பார்க்கத்தான் விரும்புவார்கள்.

---

மாலைநேர_கிட்டார் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பிளேலிஸ்ட் ஆட்களுக்குப் பதில் போடாமல் விட்டுவிடுகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். ஒரு கச்சேரியில் புதிதாகக் கேட்டுப் பிடித்துப்போனவரை எப்படித் தக்கவைப்பது? அப்புறம், பெரிய குழுவுக்கு ஓப்பனிங் கேட்டு எழுதும்போது என்ன எழுதுவது? எனக்கு அதில் ரொம்பத் தயக்கம்.

---

பழைய_ஒலிநாடா எழுதியது:

தக்கவைப்பதற்கு என் பதில் மின்னஞ்சல் பட்டியல். பழைய முறை என்று ஒதுக்காதீர்கள். இன்ஸ்டாகிராமில் பத்தாயிரம் பேர் இருந்தாலும் உங்கள் போஸ்ட்டை எத்தனை பேருக்குக் காட்டுவது என்பதை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். ஸ்பாட்டிஃபை உங்கள் பாட்டைக் கேட்டவர் யார் என்றே சொல்லாது, எந்த ஊரில் எத்தனை பேர் என்பதோடு சரி. மின்னஞ்சல் முகவரி உங்களிடமே இருக்கும், நாளைக்கு எந்தத் தளம் மூடினாலும் போகாது.

மேடையில் கியூஆர் குறியீடு அச்சிட்ட அட்டை ஒன்று வையுங்கள், கடைசிப் பாட்டுக்கு முன்னால், இன்னும் வெளியிடாத ஒரு பாட்டை இதில் பதிவு செய்கிறவர்களுக்கு அனுப்புகிறோம் என்று சொல்லுங்கள். கொடுப்பதற்கு ஏதாவது இருந்தால்தான் முகவரி கொடுப்பார்கள். பதிவின்போதே எந்த ஊர் என்றும் கேளுங்கள், பிறகு ஒரு ஊரில் கச்சேரி என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் எழுதலாம், மற்றவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். பாட்டு வரும்போது, கச்சேரி இருக்கும்போது மட்டும் எழுதுங்கள், விளம்பரம் மாதிரி இல்லாமல் கடிதம் மாதிரி எழுதுங்கள், பதில் போட்டால் நீங்களே பதில் போடுங்கள். மூன்றாவது கச்சேரிக்கும் வருகிறவர்கள் இப்படிப் பதில் எழுதினவர்களாகத்தான் பெரும்பாலும் இருப்பார்கள்.

வாங்க விரும்புகிறவர்களுக்கு பேண்ட்கேம்ப் (கலைஞர்களே நேரடியாகப் பாட்டு விற்கும் தளம்) வையுங்கள். 2008-இல் இருந்து இருக்கிறது, டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் பொருள்களில் 10 சதவீதமும் எடுப்பார்கள், பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மீதி உங்களுக்கு. வாங்குகிறவரே விலையைக் கூட்டிக் கொடுக்கலாம், உண்மையிலேயே கூட்டிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் தொடங்கி சில வெள்ளிக்கிழமைகளில் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள், புது வெளியீட்டை அந்த நாளில் வைத்துக்கொள்வது நல்லது.

---

மேடையோரம் எழுதியது:

தயங்க வேண்டாம், குழுக்களுக்கு ஓப்பனிங் ஆட்கள் உண்மையாகவே தேவைப்படுகிறார்கள், ஒழுங்காக எழுதுகிறவர்கள்தான் குறைவு. முதலில் அவர்கள் கச்சேரிக்கு ஒரு தடவையாவது போய்விட்டு வாருங்கள். எழுதும்போது ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம்: எந்த நிகழ்ச்சிக்கு, எந்தத் தேதிக்குக் கேட்கிறீர்கள், நீங்கள் இருவர், எத்தனை மைக் வேண்டும், மேடையில் ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகும் (இரண்டு பேர் என்பது உங்களுக்குப் பெரிய சாதகம், டிரம்ஸ் மாற்றுகிற வேலையே இல்லை), ஒரே ஒரு மேடைக் காணொளியின் இணைப்பு. வாழ்க்கை வரலாறு வேண்டாம், ஃபைல் எதையும் இணைத்து அனுப்ப வேண்டாம்.

அவர்களுக்கு முக்கியமானது அந்த ஊரில் உங்களுக்காக எத்தனை பேர் டிக்கெட் வாங்குவார்கள் என்பது. ஸ்பாட்டிஃபை, யூடியூப் இரண்டும் எந்த ஊரில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று காட்டுகின்றன, அதைப் பார்த்துவிட்டு உண்மையான எண்ணையே எழுதுங்கள். பதினைந்து பேர் வருவார்கள் என்று சொல்லிப் பதினைந்து பேரைக் கொண்டுவருகிறவரை நினைவில் வைத்துக்கொள்வார்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள், அதற்கும் இல்லையென்றால் அடுத்த குழு.

அப்புறம், வாசித்தது உங்கள் சொந்தப் பாட்டு என்றால் நீங்கள் உறுப்பினராக இருக்கும் உரிமைச் சங்கத்துக்குச் (பாட்டு எழுதியவர்களுக்காக உரிமக் கட்டணம் வசூலிக்கும் அமைப்பு) செட்லிஸ்ட்டை, அதாவது பாடிய பாட்டுகளின் பட்டியலை, அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அரங்கம் உரிமக் கட்டணம் கட்டுகிற இடமாக இருந்தால் ஓப்பனிங்கில் பாடிய சொந்தப் பாட்டுக்கும் எழுதியவருக்குப் பங்கு உண்டு, அனுப்பாததால் அது வேறு யாருக்கோ போய்விடுகிறது. முதல் காணொளி எடுத்ததும் இங்கே இணைப்பைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.