தூளியை விட மறுக்கும் மகன்: யோசனை சொல்லுங்கள்

தோழிகளே, எனக்கு இது ஏழாவது மாதம். மூத்தவனுக்கு இரண்டே கால் வயது. இன்னும் சேலைத் தூளியில்தான் தூங்குகிறான். கண் சொருகியதும் தூளியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு "ஆட்டு, ஆட்டு" என்று ஒரே அழுகை. ஆள் 12 கிலோ! தூக்கி உள்ளே போடும்போதே எனக்கு அடிவயிறு இழுக்கிறது. டாக்டரும் தூக்க வேண்டாம் என்கிறார். வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட் என்றால் வேறு ஆளும் இல்லை.

"பாப்பா வந்தால் தானாக இறங்கிடுவான்" என்கிறார் அத்தை. எனக்கென்னவோ அப்போதுதான் தூளிக்குச் சண்டையே ஆரம்பிக்கும் என்று தோன்றுகிறது. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போவதற்குள் பாயில் படுக்கப் பழக்கிவிட வேண்டும். தட்டிக் கொடுத்தால் கையைத் தள்ளிவிடுகிறான்.

மெதுவாக மாற்றலாமா, ஒரேயடியாகக் கழற்றிவிடலாமா? இதைச் சமாளித்தவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்களேன்.