தனியா இருக்கிற ஆன்ட்டி கூப்பிட்டா போன் எடுக்க மாட்டேங்கிறேன், இது பாவமா?

கடுகுவிதை:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், எழுதறது இதுதான் முதல் தடவை, நீளமா போனா மன்னிச்சிருங்க.

எங்க சபையில ஒரு ஆன்ட்டி, எழுபது தாண்டியாச்சு, அங்கிள் தவறி மூணு வருஷம் ஆகுது, பிள்ளைங்க ரெண்டு பேரும் வேற நாட்டுல. அடக்க ஆராதனை முடிஞ்சு எல்லாரும் கலைஞ்சப்ப நான்தான் போய் "எதுனாலும் எனக்கு கூப்பிடுங்க ஆன்ட்டி"ன்னு சொன்னேன். எல்லாரும் சொல்றதுதானே, யாரு கூப்பிடப் போறாங்கன்னு ஒரு நினைப்பு. இவங்க கூப்பிட்டாங்க. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு. முதல்ல எனக்கே சந்தோஷமாத்தான் இருந்துச்சு, அப்புறம் அதே கதை அதே வரிசையில, அம்பது நிமிஷம் ஒரு மணி நேரம்னு போகும், நடுவுல நான் ஏதாவது சொன்னா காதுலயே வாங்காம அவங்க பாட்டுக்கு போவாங்க. வேலை முடிஞ்சு வந்து பையனோட உக்கார்றது அந்த ஒரு மணி நேரம்தான். போன மாசத்துல இருந்து போனை சைலன்ட்ல போட்டு கவுத்து வச்சிடறேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிஞ்சு வெளிய வரும்போது கையைப் பிடிச்சு, "உன் போன் ரிப்பேர் போல இருக்குப்பா, சீக்கிரம் சரி பண்ணிக்கோ"ன்னாங்க. நான் "ஆமா ஆன்ட்டி"ன்னுட்டேன். சபை வாசல்ல நின்னு பொய். அன்னிக்குன்னு பார்த்து பாஸ்டர் எடுத்த வசனம் ஆதியாகமம் 4:9, தம்பியைக் கொன்னுட்டு காயீன் கர்த்தர்கிட்ட கேட்ட "என் சகோதரனுக்கு நான் காவலாளியோ".

என் கேள்வி இதுதான். ஒருத்தரோட தனிமைக்கு இன்னொருத்தர் எவ்ளோ தூரம் பொறுப்பு? ஜெபம் பண்ணுங்க பிரதர்னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ், பண்ணிட்டுதான் இருக்கேன்.

ஒத்தைத்தாலந்து:
பிரதர், நீங்க அவங்க மகன் இல்ல. கொஞ்சம் கடுமையா தெரியும், ஆனா பவுலே சொல்றாரு. 1 தீமோத்தேயு 5:4 எடுத்துப் பாருங்க, விதவைக்கு பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ இருந்தா முதல்ல அவங்கதான் பார்த்துக்கணும்னு இருக்கு. 8ஆம் வசனம் இன்னும் மோசம், சொந்த வீட்டாரை கவனிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன். 16ல மறுபடியும், சபை மேல பாரத்தை வைக்காதீங்கன்னு. வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைங்களுக்கு வீடியோ கால் இல்லையா? நீங்க நல்லவரா இருக்கிறதால அவங்க கடமை உங்க தலையில இறங்கியிருக்கு. உங்க பையனும் உங்க சொந்த வீட்டார்தான், 8ஆம் வசனம் உங்களுக்கும் சேர்த்துதான்.

இன்னொண்ணு, யோவான் 5ல 38 வருஷம் படுத்துக் கிடந்தவன், சொஸ்தமாக குளத்துல கொண்டுபோய் விடறதுக்கு "ஒருவருமில்லை"ன்னுதான் புலம்பினான், இயேசு அவனை தூக்கி குளத்துல விடல, எழுந்திரு நடன்னாரு. தனியா இருக்கிறவங்களும் கொஞ்சம் எழுந்து நடக்கணும் இல்ல?

திராட்சைக்கிளை:
@ஒத்தைத்தாலந்து, அந்த வசனத்துக்கு முந்தி இயேசு என்ன செஞ்சாருன்னும் பாருங்க. பெதஸ்தா குளத்தைச் சுத்தி அத்தனை நோயாளிங்க கிடக்கிறாங்க, இவன் வெகுகாலமா இப்படி இருக்கிறான்னு கவனிச்சு அவன்கிட்டயே போய் நிக்கிறாரு, சொஸ்தமாகணுமான்னு கேக்கிறாரு, அவன் குறை சொல்றதையும் முழுசா கேட்டுக்கிறாரு. எழுந்திருங்கறது அதுக்கு அப்புறம். நாம மட்டும் நேரா கடைசி வரிக்கு தாவிடறோம், அது சுலபமா இருக்கு.

1 தீமோத்தேயு 5 நீங்க சொன்னது சரி, ஆனா நடுவுல இருக்கிற 5ஐ விட்டுட்டீங்க, "உத்தம விதவையாயிருந்து தனிமையாயிருக்கிறவள்"னு. சபை யாரைப் பார்க்கணும்கிற பேச்சுல பவுல் எடுத்த வார்த்தையே தனிமைதான். பிள்ளைங்க பணம் அனுப்பிட்டா தனிமை போயிடுமா என்ன.

கடுகுவிதை பிரதர், உங்க கேள்விக்கு வர்றேன். கலாத்தியர் 6ல மூணு வசன இடைவெளியில ரெண்டு விஷயம் வரும். 6:2 ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கணும், 6:5 அவனவன் தன்தன் பாரத்தை சுமப்பான். நம்ம பைபிள்ல ரெண்டுக்கும் பாரம்னே போட்டிருக்கறதால முட்டிக்கிற மாதிரி தெரியும். கிரேக்கத்துல ரெண்டும் வேற வார்த்தை. முதல்ல வர்றது பாரோஸ், ஆளை நசுக்கிற எடை. ரெண்டாவது போர்தியோன், ஒருத்தன் எடுத்துட்டுப் போக வேண்டிய சொந்த மூட்டை. மத்தேயு 11:30ல "என் சுமை இலகுவாயும்"னு இயேசு சொல்றதும் இந்த ரெண்டாவதுதான். வயசான காலத்துல துணையை இழந்து ஒரு வீட்டுல தனியா இருக்கிறது நசுக்கிற எடை, அதுக்கு ஆள் கை கொடுக்கணும். ஆனா அந்த ஆன்ட்டியோட ஒவ்வொரு சாயங்காலத்தையும் நிரப்பறது உங்க மூட்டை இல்ல. அதை நீங்க ஒருத்தரா தூக்கினீங்க, கை வலிச்சதும் மொத்தமா கீழ போட்டுட்டீங்க. தப்பு இங்கதான்னு எனக்குத் தோணுது, போன் எடுக்காதது அதுக்கு அப்புறம் வந்தது.

வழியில அடிபட்டுக் கிடந்தவனை சத்திரத்துக்குக் கொண்டுபோய் பார்த்துக்கிட்ட நல்ல சமாரியன் கதையை எத்தனை தடவை கேட்டிருப்போம், அந்த சமாரியன் மறுநாள் கிளம்பிட்டாங்கிறதை யாராவது பிரசங்கத்துல அழுத்தி சொல்லி கேட்டிருக்கீங்களா? லூக்கா 10:35. ராத்திரி கூட இருந்து பார்த்தான், காலையில சத்திரத்தான் கையில ரெண்டு பணம் கொடுத்து "நீ இவனை விசாரித்துக்கொள்"னான், திரும்பி வர்றேன்னான், தன் வழியில போயிட்டான். இன்னொரு ஆளை உள்ள கொண்டு வந்தான், திரும்பி வர்றேன்னு வாக்கும் கொடுத்தான். உங்க சபையில சத்திரத்தான் யாருமே இல்லையா?

அப்புறம் எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம். "மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல"ன்னு ஆதியாகமம் 2:18ல கர்த்தர் சொல்றாரு இல்லையா, அதே "நல்லதல்ல" யாத்திராகமம் 18:17லயும் வருது. மோசே காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒத்த ஆளா உக்காந்து எல்லார் பிரச்சினையும் கேட்டுட்டு இருக்காரு, மாமனார் எத்திரோ வந்து பார்த்துட்டு "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல"ங்கறாரு, நீரும் தொய்ஞ்சு போவீர், ஜனங்களும் தொய்ஞ்சு போவாங்கன்னு. ஆன்ட்டி தனியா இருக்கிறதும் நல்லதல்ல, நீங்க தனியா அதை சுமக்கிறதும் நல்லதல்ல.

மாலைவெளிச்சம்:
நான் எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். தம்பி, நான் அந்த ஆன்ட்டி மாதிரி ஒருத்தி. வயசு 68, தனியாதான் இருக்கேன், எனக்கும் ஒரு தம்பி போன் எடுக்கிறதை நிறுத்தினான். கோவம் இல்ல.

ஏன் அவ்ளோ நேரம் பேசறாங்கன்னு சொல்றேன். மறுநாள் எடுப்பாங்களா மாட்டாங்களான்னு தெரியாது. அதனால கிடைச்ச அன்னிக்கே எல்லாத்தையும் சொல்லிடணும்னு ஒரு அவசரம், சொன்னதையே சொல்றோம்னு பேசும்போதே தெரியும், ஆனா நிறுத்தினா "சரி ஆன்ட்டி வச்சிடட்டுமா"ன்னு கேட்டுருவாங்களேன்னு நிறுத்த மாட்டோம். செவ்வாய்க்கிழமை கால் மணி நேரம்னு உறுதியா இருந்துட்டா, நிஜமா சொல்றேன், கால் மணி நேரத்துல நானே வச்சிருவேன். அடுத்தது எப்பன்னு தெரிஞ்சா போதும். பவுல் ஜெயில்ல இருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போதும் அன்பா இருன்னு பொதுவா சொல்லிட்டு விடல, "மாரிகாலத்துக்குமுன்" வந்து சேருன்னு நாள் குறிக்கிறாரு, அந்த மேலங்கியை எடுத்துட்டு வா, தோல் சுருளை எடுத்துட்டு வான்னு பட்டியல் போடறாரு (2 தீமோத்தேயு 4). "லூக்கா மாத்திரம் என்னோடே இருக்கிறான்"னும் அதுலதான் எழுதியிருக்காரு. பெரிய அப்போஸ்தலர், ஆனா அந்த வரியைப் படிக்கும்போது எனக்கு என் வீட்டு ஹால்தான் ஞாபகம் வரும்.

ரிப்பேர்னு சொன்னாங்கன்னு எழுதியிருந்தீங்களே, அவங்களுக்குத் தெரியும் தம்பி. உங்களுக்கு சங்கடம் வேண்டாம்னு அவங்களே காரணத்தையும் கொடுத்திருக்காங்க. அதை படிச்சுட்டு கொஞ்ச நேரம் போனை கீழ வச்சிட்டேன்.

இன்னொண்ணு மட்டும். எங்களை விசாரிக்க வர்றவங்க எல்லாரும் ஏதோ கொடுக்கத்தான் வர்றாங்க, ஜெபம், பழம், ஆறுதல். யாரும் எங்ககிட்ட ஒண்ணும் கேக்கிறதில்ல. சமாரியா ஸ்திரீகிட்ட இயேசு முதல்ல பேசினதே "தாகத்துக்குத் தா". சாறிபாத் ஊர் விதவைகிட்ட எலியா தீர்க்கதரிசி முதல்ல தண்ணி கேட்டாரு, அப்புறம் அப்பம் கேட்டாரு, அவகிட்ட இருந்ததே ஒரு பிடி மாவு. அவங்ககிட்ட ஏதாவது கேளுங்க தம்பி. எங்களை தேவைப்படறவங்களா மட்டுமே பார்த்துப் பார்த்து, நாங்களும் யாருக்கோ தேவைங்கறது மறந்தே போயிடுது.

நைட்ஷிப்ட்:
நர்ஸா இருக்கேன், அந்தப் பக்கத்துல இருந்து சில விஷயம். மாலைவெளிச்சம் அம்மா எழுதினதுக்கு மேல பெருசா இல்ல.

தனிமையை சும்மா மனசு சம்பந்தப்பட்டதுன்னு விட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன்ல ஒரு அறிக்கை விட்டாங்க, உலகத்துல ஆறு பேர்ல ஒருத்தர் தனிமையால பாதிக்கப்படறாங்க, வருஷத்துக்கு சுமார் 8,71,000 சாவுக்கு அதோட தொடர்பு இருக்குன்னு மதிப்பீடு. இதயம், பக்கவாதம், மறதி எல்லாத்துக்கும் ரிஸ்க் கூடும்.

பிரதர், நடுவுல பேசினா காதுலயே வாங்க மாட்டாங்கன்னு எழுதியிருக்கீங்களே, நிஜமாவே காது கேக்கலையோ? காது மந்தமானவங்க நிறைய பேர் பேச்சை விடாம தானே பேசிட்டு இருப்பாங்க, ஏன்னா எதிராளி பேசினா புரியாம முழிக்கணும், தானே பேசிட்டா அந்தத் தொல்லை இல்ல. போன்ல இன்னும் கஷ்டம், முகமும் தெரியாது உதடும் தெரியாது. ஒரு தடவை காது டெஸ்டுக்கு கூட்டிட்டுப் போங்க. அதோட சாப்பாடு தூக்கம் குறைஞ்சிருக்கா, வாழ்ந்து என்ன பிரயோஜனம்னு எப்பவாவது சொல்றாங்களான்னு கவனிங்க, அப்படி இருந்தா டாக்டர்கிட்டதான் போகணும், அதை விசுவாசக் குறைவுன்னு யாராவது சொன்னா எலியாவைக் காட்டுங்க. சாகணும்னு படுத்தவருக்கு தூதன் முதல்ல கொடுத்தது சாப்பாடு, அப்புறம் தூங்க விட்டான், மறுபடியும் சாப்பாடு. கர்த்தர் பேசினது அதெல்லாம் முடிஞ்சு (1 இராஜாக்கள் 19).

சமாரியன்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு, லண்டன்ல சாட் வாரான்னு ஒரு ஆங்கிலிக்கன் பாதிரியார், 1953ல தற்கொலை எண்ணத்துல இருக்கிறவங்க பேசறதுக்குன்னு ஒரு போன் லைன் ஆரம்பிச்சாரு, அதுதான் பிறகு சமாரிட்டன்ஸ். ஆலோசனை சொல்றது அவர்தான், வாலண்டியர்ஸ் வெளிய காத்திருக்கிறவங்களோட சும்மா உக்காந்து பேசிட்டு இருப்பாங்க. கொஞ்ச நாள்ல பார்த்தா வெளிய பேசிட்டு இருந்ததுலயே நிறைய பேருக்கு மனசு லேசாகி, உள்ள போகவே வேண்டியிருக்கல. அடுத்த வருஷமே போனை வாலண்டியர்ஸ் கையில கொடுத்துட்டாரு. கேக்கறதுக்கு படிப்பு வேண்டாம், ஆள் வேணும்.

ஒத்தைத்தாலந்து:
மாலைவெளிச்சம் அம்மா, நான் எழுதினது உங்களை கஷ்டப்படுத்தியிருந்தா மன்னிச்சிருங்க. பிள்ளைங்க பொறுப்புன்னு சொன்னதை நான் இன்னும் மாத்திக்கல, ஆனா "எழுந்து நடக்கணும்"னு சொன்னது வேண்டாத வேலை. எங்க அம்மாவும் தனியாதான் இருக்காங்க. அவங்களுக்கு நான் அனுப்பறது பணம்தான். இதுக்கு மேல இங்க எழுத முடியல.

கடுகுவிதை:
எல்லாருக்கும் நன்றி, அப்டேட் சொல்லிடறேன்.

செவ்வாய் ஏழு மணிக்கு நானே கூப்பிட்டேன். "ஆன்ட்டி போன் ரிப்பேர் இல்ல"ன்னு ஆரம்பிச்சேன், "தெரியும்பா"ன்னாங்க, அவ்ளோதான், அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க. நான்தான் பேச முடியாம நின்னேன். செவ்வாயும் வெள்ளியும்னு முடிவு பண்ணியிருக்கோம். முதல் தடவை நாற்பது நிமிஷம் போச்சு, வெள்ளிக்கிழமை இருபத்தஞ்சு. வாலிபர் கூட்டத்துல ரெண்டு பேர்கிட்டயும் ஆன்ட்டியோட பழைய சிநேகிதி ஒருத்தங்ககிட்டயும் பேசினேன், சிநேகிதி "எனக்கு ஏன் யாரும் முன்னாடியே சொல்லல"ன்னு என்னைத் திட்டினாங்க. வாலிபர்ல ஒருத்தன் சரின்னான், இன்னொருத்தன் பார்க்கலாம்ணான்னான், பார்க்கலாம்.

காது விஷயம் கேட்டேன், "எனக்கு நல்லா கேக்கும், நீங்கதான் வாய்க்குள்ள பேசறீங்க"ன்னுட்டாங்க. அதை மெதுவாத்தான் கொண்டு போகணும்.

அப்புறம் அம்மா சொன்ன மாதிரி ஒண்ணு கேட்டேன். பையனுக்கு சண்டே ஸ்கூல்ல மனப்பாட வசனப் போட்டி வருது, நீங்க போன்ல கேட்டு திருத்திக் கொடுங்க ஆன்ட்டின்னேன். அன்னைக்குக் குரலே மாறிடுச்சு. ஆனா ஒரு எழுத்து தப்பினாலும் விட மாட்டேங்கிறாங்க, சங்கீதம் 68ல "தேவன் தனிமையானவர்களுக்கு வீடுவாசல் ஏற்படுத்தி"ன்னு வர்றதை இவன் "தனியானவர்களுக்கு"ன்னு சொல்லிட்டான், ஆறு தடவை திருப்பிச் சொல்ல வச்சாங்க, பக்கத்துல இருந்த எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. இப்பெல்லாம் ஏழு மணி ஆனா போனைக் கண்டு ஒளியறது அவன்தான்.