ஜெபம் பண்றேன், ஆனா உள்ள ஒண்ணும் நகரல. பெருமையா, அவிசுவாசமா?

பின்பெஞ்ச்_விசுவாசி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஞானஸ்நானம் எடுத்து 14 வருஷம் ஆச்சு, சண்டே ஸ்கூல் எடுக்கறேன், கொயர்ல பாடறேன், வெளில இருந்து பாத்தா எல்லாம் ஓகேதான். போன மாசம் வீட்டு ஜெபக்கூட்டத்துல காலேஜ் படிக்கற ஒரு தம்பிய செய்தி குடுக்க சொன்னாங்க. உசியா ராஜா, 2 நாளாகமம் 26. நல்லாத்தான் பேசினான், ஒரு இடத்துல மட்டும் உசியா 42 வருஷம் ஆண்டான்னு சொல்லிட்டான். 52 வருஷம். நான் உடனே பென்சில எடுத்து என் பைபிள்ல அந்த 52ஐ சுத்தி வட்டம் போட்டேன், அதுக்கப்புறம் அவன் பேசினது ஒண்ணும் காதுல ஏறல, அடுத்த தப்பு எப்ப வரும்னே உக்காந்திருந்தேன். வீட்டுக்கு வந்து அதே அதிகாரத்த வாசிச்சா, பலப்பட்ட பிறகுதான் அவன் மனசு மேட்டிமையாச்சுன்னு இருக்கு, ஆசாரியர் மட்டும் காட்ட வேண்டிய தூபத்த தானே காட்ட ஆலயத்துக்குள்ள போய் நெத்தியில குஷ்டத்தோட வெளில வர்றான். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

இன்னொண்ணு. பக்கத்து வீட்டம்மாவுக்கு கால்ல சுகர் புண்ணு, ஜெபிக்க கூப்பிட்டாங்க. வாய் ஜெபிக்குது, மனசு எந்த ஆஸ்பத்திரில காட்டலாம்னு கணக்கு போடுது, கேட்டா கர்த்தர் செய்வார்ங்கிற எதிர்பார்ப்பு துளி கூட இல்ல. ஆனா சத்தம் மட்டும் கூடிக்கிட்டே போச்சு, ஏன்னா சுத்தி 8 பேர் நின்னாங்க. இது ரெண்டு வியாதியா ஒரே வியாதியா?

கடுகுவிதை_அக்கா:
தம்பி, ஒண்ணுதான்னு நான் நினைக்கறேன். யோவான் 5:44 எடுத்துப் பாருங்க, ஒருத்தர்கிட்ட ஒருத்தர் மகிமை வாங்கிக்கற நீங்க எப்படி விசுவாசிப்பீங்கன்னு இயேசு கேக்கறார். உங்க 8 பேர் கதைக்கு அந்த ஒரு வசனம் போதும். ஆபகூக் 2:4லயும் அகங்காரி ஒரு பக்கம், விசுவாசத்தால பிழைக்கற நீதிமான் ஒரு பக்கம், ரெண்டும் ஒரே வசனத்துல இருக்கு.

நீ விசுவாசத்துல பெரிய ஆளுன்னு இயேசு மெச்சினது யார யாருன்னு பாருங்க. நூற்றுக்கு அதிபதி (100 போர்வீரருக்கு தலைவன்), என் வீட்டுக்குள்ள நீங்க வர நான் பாத்திரன் இல்லைன்னவன். அப்புறம் கானானிய ஸ்திரீ, மேஜைக்கு கீழ விழற துணிக்கை போதும்னவ. ரெண்டு பேருமே யூதர் இல்ல, சண்டே ஸ்கூல் எடுத்தவங்களும் இல்ல (சும்மா சொல்றேன், நானும் 20 வருஷம் எடுத்திருக்கேன்). கை காலியா இருந்தாத்தானே வாங்க முடியும். லூக்கா 17ல சீஷர்கள் விசுவாசத்த கூட்டிக் குடுங்கன்னு கேக்கறாங்க, அவர் கடுகு விதைய சொல்லிட்டு அடுத்ததா வேலைக்காரன் கதைக்கு போயிடறார், எல்லாத்தையும் செஞ்சு முடிச்சாலும் நாங்க அப்பிரயோஜனமான ஊழியக்காரர்னு சொல்லுங்கன்னு. ரொம்ப நாள் அது ஏன் அங்க வருதுன்னே எனக்கு புரியல.

மதுரைக்காரன்_77:
அக்கா சொன்னது சரி, ஆனா பிரதர் ஆஸ்பத்திரிய யோசிச்சத அவிசுவாசம்னு சேத்துக்காதீங்க ப்ளீஸ். எங்கப்பா டயாலிசிஸ்ல இருந்தப்ப ஒருத்தர் வீட்டுக்கே வந்து உங்களுக்கு விசுவாசம் பத்தலைன்னு சொல்லிட்டு, காபி குடிச்சிட்டு போனார், அப்பா அன்னிக்கு ராத்திரி பூரா தூங்கல. பவுல் தீமோத்தேயுவுக்கு வயித்துக்காக கொஞ்சம் திராட்சரசம் சேத்துக்கன்னுதானே எழுதினார், விசுவாசம் பத்தலைன்னா எழுதினார்? அவரே தன் சரீரத்துல முள்ளு மாதிரி இருந்த உபத்திரவத்த எடுக்கச் சொல்லி கர்த்தர்கிட்ட 3 தடவ கேட்டார், எடுபடல, அது குடுக்கப்பட்டதே தன்னை உயர்த்திக்காம இருக்கத்தான்னு அவரே சொல்றார், 2 கொரிந்தியர் 12. அடுத்தவன் விசுவாசத்த அளக்க டேப்ப தூக்கிட்டு வர்றாங்க பாருங்க, அதுலதான் நிஜமான பெருமை இருக்கு.

மாற்கு 9ல அந்த தகப்பன், விசுவாசிக்கிறேன் என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும்னு அழுதான், பையனுக்கு சுகம் கிடைச்சுது. அவன் நடிக்கல, அவ்வளவுதான்.

யோர்தான்கரை:
நாகமான விட்டுட்டீங்களே. பெரிய படைத்தலைவன், ஆனா குஷ்டரோகி, சுகம் தேடி ரதத்தோட வந்து எலிசா தீர்க்கதரிசி வீட்டு வாசல்ல நிக்கறான், எலிசா வெளில கூட வரல, ஆள் அனுப்பி யோர்தான்ல 7 தடவ முழுகுன்னு சொல்றார். இவனுக்கு கோவம் வந்துடுச்சு, அவர் வெளில வந்து நின்னு கைய அசைச்சு ஜெபிப்பார்னு மனசுக்குள்ள ஒரு சீன் போட்டு வச்சிருக்கான், எங்க ஊர் ஆப்னாவும் பர்பாரும் இத விட நல்ல ஆறு இல்லையான்னு திரும்பிட்டான். அவிசுவாசம் மாதிரி தெரியும், உள்ள இருக்கறது கௌரவம். கடைசில அவன எறக்கினது கூட வந்த வேலைக்காரங்க, அவங்க பெருசா ஒண்ணு செய்ய சொல்லியிருந்தா செஞ்சிருப்பீங்களேன்னு கேட்டாங்க. அதுக்கும் முன்னாடி அவன அங்க அனுப்பி விட்டதே சிறைபிடிச்சிட்டு வந்த ஒரு சின்னப் பொண்ணு சொன்ன சொல்லுதான். எல்லாம் அவனுக்கு கீழ இருந்தவங்க பிரதர். உங்க 42 வருஷ தம்பிய கொஞ்சம் யோசிங்க.

பின்பெஞ்ச்_விசுவாசி:
யோர்தான்கரை பிரதர், நல்லா குத்திட்டீங்க 😅 நேத்து அந்த தம்பிக்கு மெசேஜ் போடலாம்னு உக்காந்தேன், கை தானா "52 தம்பி, செக் பண்ணிக்க"ன்னு அடிக்குது. அழிச்சிட்டேன். செய்தி என்னைத் தொட்டுச்சு, அடுத்த வாரம் சாயங்காலம் உன்கூட உக்காந்து வாசிக்கலாமான்னு போட்டேன், வாங்கண்ணான்னு ரிப்ளை வந்திருக்கு. 52ஐ அவனாவே கண்டுபிடிக்கட்டும், இல்லாட்டியும் பரவால்ல (இன்னும் உறுத்துதுங்கறது வேற விஷயம்).

மதுரை அண்ணா, அப்பாவ பத்தி சொன்னதுக்கு நன்றி. பக்கத்து வீட்டம்மாவுக்கு இன்னிக்கு கட்டு மாத்தணும், கூட நான்தான் போறேன், ஆட்டோ வந்துருச்சு, மிச்சத்த வந்து வாசிக்கறேன்.