ஜேபிஎல் எல்100: பழைய செஞ்சுரியா, புது கிளாசிக்கா?

புதுக்காது:
1970-களின் எல்100 செஞ்சுரி ஸ்பீக்கர் ஜோடி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புது எல்100 கிளாசிக் விலையில் பாதிகூட இல்லை. வாங்கலாமா? எதைச் சோதிக்க வேண்டும்?

ஓம்மீட்டர்:
முகம்தான் ஒன்று, உள்ளே இரண்டும் வேறு ஸ்பீக்கர். பழையதில் 12 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கானது) நேராக டெர்மினலில் உட்கார்ந்திருக்கும், இடையில் மேல் ஒலியை வடிகட்டும் இண்டக்டர் கிடையாது. மிட்ரேஞ்சுக்கு (நடு ஒலி) 8, ட்வீட்டருக்கு (உச்ச ஒலி) 3 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், அவற்றின் ஒலி அளவைக் குறைக்க எல்-பேட் எனும் இரண்டு குமிழ்கள். ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் அவ்வளவுதான். வூஃபர் குரல் பகுதிக்குள்ளும் புகுந்து பாடுவதால் டிரம்ஸ் நெஞ்சில் அடிக்கும், பெண் குரல் சற்றுக் கரகரக்கும். 2018-ல் வந்த கிளாசிக்கில் 450 ஹெர்ட்ஸிலேயே மிட்ரேஞ்ச் பொறுப்பேற்றுக்கொள்கிறது. ட்வீட்டரும் டைட்டானியம் டோம். கர்நாடக வாய்ப்பாட்டுக்குப் புதியதுதான் என் தேர்வு. ராக், ஜாஸ் என்றால் பழையதை ஒதுக்க மாட்டேன்.

சோதனைக்குப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஆம்ப் ஒயரைக் கழற்றிவிட்டு டெர்மினலில் மல்டிமீட்டரை வையுங்கள். மீட்டரின் டிசி மின்சாரம் மற்ற இரண்டுக்கும் போகாமல் கெபாசிட்டர் தடுப்பதால் வூஃபரின் வாய்ஸ் காயில் (கம்பிச்சுருள்) மட்டும் தெரியும்: 5 முதல் 7 ஓம் வரை இருந்தால் சரி. பிறகு வூஃபரின் கூம்பை (கோன்) இரு கை விரல்களாலும் சமமாக மெல்ல அழுத்துங்கள். உரசல் கேட்டால் ரீகோன் செலவு, அதாவது கோனையும் காயிலையும் புதிதாக மாற்ற வேண்டும். முன்பக்க ஃபோம் மூடி பொடியாகியிருக்கும், அதற்காகப் பயப்படாதீர்கள். வூஃபர் விளிம்பு துணி, சாதாரணமாக மக்காது.

கெபாசிட்டர்காரன்:
குமிழைத் திருப்பும்போது ட்வீட்டர் வந்து வந்து போனால் எல்-பேட் ஆக்சைடு. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது முறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகும், இல்லையேல் 8 ஓம் எல்-பேட் புதிதாகப் போடுங்கள். கெபாசிட்டரை மாற்றுவதானால் பாலிப்ரொப்பிலீன் வகை போதும். பிறகு மேல் ஸ்தாயி கூசினால் அதோடு தொடரில் அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்று. எல்லோரும் கோட்டைவிடுவது போலாரிட்டி (பிளஸ்-மைனஸ் திசை): அந்தக் கால ஜேபிஎல்லில் சிவப்புக்குப் பாசிட்டிவ் கொடுத்தால் கோன் உள்ளே போகும். ஒரு பக்கம் மட்டும் வேறு பிராண்டு வூஃபரை அப்படியே மாற்றியிருந்தால் மறுபக்க வூஃபரோடு சண்டை போட்டு பாஸ் மெலியும்.

புதுக்காது:
மீட்டர் ஒரு பக்கம் 6.1 ஓம், இன்னொரு பக்கம் 3.3 ஓம் காட்டுகிறது.

ஓம்மீட்டர்:
3.3 காட்டுவது அநேகமாக 4 ஓம் மாற்று வூஃபர். அதை வெளியே எடுத்து, காந்தத்தின் பின்னால் அசல் வூஃபரின் மாடல் எண்ணான 123ஏ என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஒரு அசல் வூஃபரின் விலையைக் கழித்துக் கேளுங்கள், இறங்கிவராவிட்டால் விட்டுவிடுங்கள்.