ஹால் ஸ்ட்ரிப் லைட் போகப் போக மங்குகிறது: 20 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ் மாற்றினால் சரியாகுமா?

உறையூர்க்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் வீடு கட்டி போன மாதம்தான் குடி வந்தோம். ஹாலில் ஃபால்ஸ் சீலிங் ஓரம் முழுக்க வார்ம் ஒயிட் எல்.இ.டி ஸ்ட்ரிப் ஒட்டியிருக்கிறோம். 5 மீட்டர் ரோல் மூன்று, ஒன்றின் வாலில் அடுத்ததை சால்டர் செய்து மொத்தம் 15 மீட்டர். பரணில் ஓட்டை போட்ட தகரப்பெட்டி மாதிரி ஒரு எஸ்.எம்.பி.எஸ், அதாவது 230 வோல்ட்டை ஸ்ட்ரிப்புக்கு வேண்டிய 12 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி, இருக்கிறது. 12 வோல்ட், 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. அங்கிருந்து 6 மீட்டர் ஒயர் இறங்கி ஒரு மூலையில் ஸ்ட்ரிப் ஆரம்பிக்கிறது. அறையைச் சுற்றி வந்து அதே மூலையில் முடிகிறது.

அந்த மூலையில்தான் பிரச்சினை கண்ணுக்குத் தெரிகிறது. ஆரம்பம் பளிச்சென்று இருக்க, பக்கத்திலேயே முடிகிற இடம் அகல் விளக்கு மாதிரி மங்கலாகத் தெரிகிறது. அம்மாவின் பூஜை அலமாரி அந்த மங்கல் பக்கம்தான். எலக்ட்ரீஷியன் மூன்றாவது ரோல் பழுது என்கிறார். கடைக்காரர் 20 ஆம்பியர் போடச் சொல்கிறார், முடிந்தால் 30 போடுங்கள் என்கிறார். இரண்டுக்கும் காசு போகும். யார் சொல்வது சரி?

போர்டு வேலை (கோவை):
காசு செலவழிப்பதற்கு முன் நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி. ஸ்ட்ரிப் மேல் என்ன எழுதியிருக்கிறது, ஒரு மீட்டருக்கு எத்தனை எல்.இ.டி, பரணிலிருந்து வரும் ஒயர் எத்தனை ஸ்கொயர் எம்.எம் என்பது மூன்று. நான்காவது, மல்டிமீட்டர் வைத்து லைட் எரியும்போதே மூன்று இடத்தில் வோல்ட் பாருங்கள்: எஸ்.எம்.பி.எஸ் வாயில் (12 வோல்ட் வெளியே வரும் திருகுகளில்), ஸ்ட்ரிப் ஆரம்பத்தில், கடைசி முனையில். லைட்டை அணைத்துவிட்டுப் பார்த்தால் எல்லா இடத்திலும் 12 காட்டும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பரணில் கை வைக்கும்போது ஜாக்கிரதை. அந்தப் பெட்டியில் 230 வோல்ட் திருகுகளும் 12 வோல்ட் திருகுகளும் ஒரே வரிசையில் இருக்கும்.

உறையூர்க்காரன்:
பார்த்துவிட்டேன் அண்ணா. 12 வோல்ட், 5050 வகை, மீட்டருக்கு 60 எல்.இ.டி. பாக்கெட்டில் மீட்டருக்கு 14.4 வாட் என்று இருக்கிறது. ஒயர் 1 ஸ்கொயர் எம்.எம் செம்பு. எஸ்.எம்.பி.எஸ் வாயில் 11.9 வோல்ட். ஸ்ட்ரிப் ஆரம்பத்தில் 10.7. கடைசி முனையில் 8.7.

போர்டு வேலை (கோவை):
அருமையாக அளந்திருக்கிறீர்கள். விடை இந்த மூன்று எண்ணிலேயே இருக்கிறது.

1 ஸ்கொயர் எம்.எம் செம்பு ஒயர் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.0175 ஓம். உங்களுக்குப் போக 6 மீட்டர், வர 6 மீட்டர், ஆக 12 மீட்டர், 0.21 ஓம். அந்த ஒயரில் 1.2 வோல்ட் விழுகிறது. 1.2-ஐ 0.21-ஆல் வகுத்தால் 5.7 ஆம்பியர். அதாவது 10 ஆம்பியர் தரக்கூடிய பெட்டியிடம் உங்கள் ஸ்ட்ரிப் 6 கூட வாங்கவில்லை. வாய் வோல்ட்டும் 11.9-இல் அசையாமல் நிற்கிறது. இந்த நிலைமையில் 20 போட்டாலும் 30 போட்டாலும் அதே 5.7 தான் போகும், பூஜை அலமாரிப் பக்கம் அப்படியே மங்கலாகத்தான் இருக்கும்.

தடை வழியில் இருக்கிறது. ஸ்ட்ரிப்புக்குள் ஓடும் செம்புப் பட்டை காகிதம் போல மெலிசு. 15 மீட்டருக்கான மின்சாரம் முழுவதும் முதல் ரோலின் பட்டை வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று எல்.இ.டி வரிசையாகவும் கூட ஒரு ரெசிஸ்டரும் சேர்ந்து ஒரு துண்டு. வெட்டுக்கோடு மூன்று எல்.இ.டிக்கு ஒன்று வருவது அதனால்தான். வெள்ளை எல்.இ.டி ஒன்றுக்கு ஏறக்குறைய 3 வோல்ட், மூன்றுக்கு 9. உங்கள் கடைசி முனைக்கு வருவது 8.7. எரிவதே பெரிது.

மூன்றாவது ரோல் பழுதா என்று பார்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. முடிவும் ஆரம்பமும் ஒரே மூலை என்றீர்களே, கடைசி முனையின் பிளஸ் மைனஸையும் அதே ஒயரில் சேருங்கள். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ், மாறினால் ஷார்ட். மங்கல் நடுவுக்கு நகர்ந்தால் ரோல் நல்ல ரோல்.

உறையூர்க்காரன்:
நகர்ந்துவிட்டது! இப்போது எதிர்ச் சுவர்ப் பக்கம்தான் மங்கல். மூலை இரண்டு பக்கமும் பளிச். அம்மாவுக்குப் பிரச்சினை தீர்ந்த மாதிரிதான், எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

கடலூர் தாஸ்:
இவ்வளவு கணக்கு எதற்கு? பெட்டியில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க பிளஸ் வி ஏ.டி.ஜே என்று சின்னத் திருகு இருக்கும். திருகி 13.5 வைத்துவிடுங்கள், எல்லாம் பளபளக்கும்.

போர்டு வேலை (கோவை):
தாஸ் அண்ணே, இதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 12 வோல்ட்டில் எல்.இ.டிக்கு 9 போக ரெசிஸ்டருக்கு மீதி 3. நேராக 13.5 கொடுத்தால் ரெசிஸ்டருக்கு 4.5. ஒன்றரை வோல்ட்தான் கூட்டினோம், மின்சாரம் ஒன்றரை மடங்கு. பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் துண்டுகள் சூட்டில் சீக்கிரம் பழுப்பேறிச் சாகும். அந்தத் திருகுக்கு நியாயமான வேலை ஒன்று உண்டு: நீள ஒயரில் விழும் வோல்ட்டை ஈடுகட்ட, ஸ்ட்ரிப் ஆரம்பத்தில் 12 தாண்டாதபடி கொஞ்சம் ஏற்றலாம்.

உறையூர்த் தம்பி, ஒவ்வொரு ரோலுக்கும் பரணிலிருந்து தனி ஒயர், 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒன்றின் வாலில் அடுத்ததைக் கட்டாதீர்கள்.

உறையூர்க்காரன்:
மிச்சமிருந்த 2.5 ஒயரைத் தரையில் ஓட்டித் தற்காலிகமாக மூன்று ரோலையும் தனித்தனியாகக் கொடுத்தேன். இப்போது வேறு கதை. மொத்த லைட்டும் வினாடிக்கு ஒரு தரம் எரிந்து எரிந்து அணைகிறது. ஒரு ரோலைக் கழற்றினால் நின்று எரிகிறது, ஆனால் கால் மணி நேரத்தில் பெட்டி தொட முடியாத சூடு. நான் எதையாவது கெடுத்துவிட்டேனா?

போர்டு வேலை (கோவை):
கெடவில்லை, பயப்படாதீர்கள். பாரம் தாங்காமல் பெட்டி தன்னைத்தானே அணைத்து, மறுபடி முயன்று பார்க்கிறது. அதற்குள் இருக்கும் பாதுகாப்பு அப்படித்தான் வேலை செய்யும். மெலிசு ஒயர் இத்தனை நாள் பற்றாக்குறையை மறைத்து வைத்திருந்தது. வழி சரியானதும் ஸ்ட்ரிப் தனக்கு வேண்டியதைக் கேட்கிறது.

ஆம்பியர் கணக்கை இப்போதுதான் போட வேண்டும். 15 மீட்டர் × 14.4 = 216 வாட். 12-ஆல் வகுத்தால் 18 ஆம்பியர். எஸ்.எம்.பி.எஸ்ஸை எழுதிய அளவின் விளிம்பில் ஓட்டக் கூடாது, அதுவும் மே மாதத் திருச்சிப் பரணில். கால் பங்கு கூட்டுங்கள், 270 வாட். ஒரே பெட்டியாக வாங்கினால் 12 வோல்ட் 30 ஆம்பியர். அந்த அளவுப் பெட்டிகள் பலவற்றில் விசிறி உண்டு. ராத்திரி ஹாலில் டிவியை அணைத்த பிறகு அந்தச் சத்தம் கேட்கும்.

நானாக இருந்தால் ரோலுக்கு ஒன்று, மூன்று சின்னப் பெட்டி போடுவேன். ஒரு ரோல் 72 வாட், 6 ஆம்பியர். மீன்வெல் எல்.ஆர்.எஸ் 100-12 என்றால் 8.5 ஆம்பியர், 102 வாட், விசிறி கிடையாது. ஒன்று போனாலும் மற்ற இரண்டு எரியும். ஒரு பெட்டியின் பிளஸ்ஸை இன்னொன்றின் பிளஸ்ஸோடு எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். ரோல்களுக்கு இடையே போட்ட சால்டரையும் பிரித்துவிடுங்கள். மூன்றுக்கும் எர்த் கட்டாயம். வேறு கம்பெனிப் பெட்டி வாங்கினால் பக்கவாட்டில் 115/230 என்று நகர்த்தும் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். இருந்து அது 115-இல் நின்றால், போட்டதும் வெடிக்கும்.

நெல்லை அக்கா:
ஒரு வார்த்தை நானும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் வேலை செய்தவர், மிச்சமிருந்த டவுன்லைட் டிரைவரை ஸ்ட்ரிப்புக்குக் கொடுத்துவிட்டார். அதில் "300 மில்லி ஆம்பியர், 36-42 வோல்ட்" என்று இருந்தது. அது மின்சாரத்தை நிலையாக வைக்கிற டிரைவர். ஸ்ட்ரிப்புக்கு வோல்ட் நிலையாக நிற்கும் பெட்டிதான் வேண்டும். பெட்டி மேல் வோல்ட்டுக்கு ஒரே ஒரு எண், 12 என்றோ 24 என்றோ, இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள் தம்பி.

இனிமேல்தான் சீலிங் போடப்போகிறவர்கள் 24 வோல்ட் ஸ்ட்ரிப்பையே கேளுங்கள். அதே வெளிச்சத்துக்கு ஆம்பியர் பாதியாகும், ஒயரில் விழுவதும் வோல்ட் கணக்கில் பாதி, சதவீதத்தில் கால் பங்கு.

உறையூர்க்காரன்:
எட்டு நாள் ஆயிற்று, முடிவைச் சொல்ல வந்தேன். மூன்று பெட்டி வாங்கி, பரணில் பலகை அடித்து இடைவெளி விட்டு மாட்டியாயிற்று. முதல் ரோலும் மூன்றாவது ரோலும் அதே மூலையிலிருந்து எதிரெதிர்த் திசையில் ஆரம்பிக்கின்றன. நடு ரோலுக்கு ஒயர் 11 மீட்டர் ஓடுகிறது. அதன் பெட்டியை மட்டும் 12.5 வைத்தேன், ஸ்ட்ரிப் ஆரம்பத்தில் 11.7 வருகிறது. மற்ற இரண்டில் 11.6. ரோல் முனைகளில் 10.3 பக்கம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எலக்ட்ரீஷியன் அண்ணனும் கூட நின்று அளந்து பார்த்தார். பெட்டி ஒரு மணி நேரம் கழித்தும் இளஞ்சூடுதான்.

கடைசியாக ஒன்று. ராத்திரியில் வெளிச்சத்தைக் குறைக்க, 230 பக்கம் ஃபேன் ரெகுலேட்டர் போடலாமா?

போர்டு வேலை (கோவை):
வேண்டாம், எஸ்.எம்.பி.எஸ் கெட்டுப்போகும். 12 வோல்ட் பக்கம், பெட்டிக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில் எல்.இ.டி டிம்மர் போடுங்கள். ரோலுக்கு ஒன்று, 8 ஆம்பியராவது தாங்குவதாக. ரிமோட் டிம்மர் என்றால், ஒரே ரிமோட்டுக்கு மூன்று டிம்மரும் கட்டுப்படுமா என்று கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.